பூண்டுக் கொட்டகையில் பதிவான இருமல்

பூண்டுப் புகை மணக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. கொடைக்கானல் மலைமேல் நம் போளூரில் நாலு நாளாக விடாத மழை. பூண்டு நன்றாக வந்திருக்கிறது, காட்டுமாடுதான் வேலியை மறுபடி சாய்த்துவிட்டது. தகரம் தட்டி விரட்ட இப்போது நான்தான் போகிறேன்.

அந்தத் தகரச் சத்தத்தை வைத்து நான் ராப் பாட ஆரம்பித்தபோது நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "பாட்டா இது? யாரையோ ஏசுற மாதிரில்ல இருக்கு." ஏசத்தான் செய்தேன். வராத பஸ்ஸை, விளைச்சலை மிதித்த மாட்டை, நம் பேச்சைக் கேட்டுச் சிரித்த காலேஜ் பிள்ளைகளை. இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்றார்கள் ஊரில்.

முதல் பாட்டைக் கொட்டகையில் என் போனில் பதிவு செய்தோம். மேலே கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்குவதால் அங்கே எதிரொலி கிடையாது. அன்று பூண்டு கெடாமலிருக்கப் புகை போட்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. விறகைத் தள்ளிக்கொண்டிருந்த நீங்கள், நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மூன்று முறை இருமினீர்கள். மறுபடி பாட எனக்குத் தெம்பில்லை. ரோட்டு வளைவில் சிக்னல் பிடித்து அப்படியே நெட்டில் ஏற்றிவிட்டேன்.

ஒரே வாரத்தில் ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். தகரம் பிடித்ததாம், நம் பேச்சு பிடித்ததாம், எல்லாவற்றையும்விட அந்த இருமல் பிடித்ததாம். தாளத்தில் கச்சிதமாக விழுகிறதே, யாருடைய யோசனை என்று கேட்டார்கள். உங்களிடம் வாசித்துக் காட்டினேன். "இருமுறதுக்குக்கூட ரசிகரா, ஆத்தா?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

அடுத்த பாட்டுகளில் நான் கை காட்டுவேன், நீங்கள் இருமுவீர்கள். நாலாவது பாட்டில் கை காட்டுவதற்கு முன்பே இருமிவிட்டீர்கள். "அப்பா, தாளம் தப்புது" என்று கோபித்துக்கொண்டேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தா, இப்ப சரியா இருமுறேன்" என்றீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது அப்பா?

அம்மா அப்போதே சொன்னாள். "மனுசன் இருமிக்கிட்டே கெடக்காரு. வெள்ளனே பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." இந்தப் பாட்டு முடியட்டும் என்றேன். பாட்டு முடிந்தபோது நோவு நெஞ்சு முழுக்கப் பரவியிருந்தது. கேட்டவர்கள் ரசித்தது அவர்கள் குற்றமில்லை. பக்கத்திலேயே நின்றவள் நான்.

அடுத்த வாரம் கொடைக்கானலில் மேடையில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். வட்டக்கானல் விடுதிகளில்கூட நம் பாட்டு ஓடுகிறதாம். "அந்த இருமலை மட்டும் ஸ்பீக்கர்ல போட்டுக்கலாங்க" என்றார் ஏற்பாடு செய்பவர். வேண்டாம் என்றேன். இருமல் விழும் இடம் வந்ததும் தகரத்தையும் நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கப் போகிறேன்.

நேற்று கொட்டகையில் புதுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். பாதியில் அம்மா இருமினாள். போனை அணைத்துவிட்டு அவளைப் பஸ் ஏற்றினேன். "தொண்டைக் கமறல்டி இது. உன் சோலியப் பாரு" என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுததை அம்மா பார்த்தாள்.

இனி யார் இருமினாலும் நான் தாளம் எண்ண மாட்டேன் அப்பா.

உங்கள் மூத்த மகள்,
ராணி