நாற்பதாவது வண்டி

அமெரிக்கா
12.2.1984

அன்புள்ள மாதையண்ணனுக்கு,

அர்த்தநாரி எழுதுவது. நலம். இங்கே இடுப்பளவு பனி. வெகுசனப் பண்பாட்டில் எம்.ஏ. படிக்கிறேன் என்றால் என்னைப் பெற்ற அய்யனே சிரிக்கிறார். சினிமா, விளம்பரம், சாதாரண சனங்கள் ரசிக்கும் எல்லாமே பாடம். பத்துத் தாள் முடித்துவிட்டேன். இனி ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, அவ்வளவுதான்.

நாமக்கல் லாரிகளில் பேரை அழித்து வேறு பேர் எழுதுவதைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். குறைந்தது நாற்பது வண்டி வேண்டும். பழைய பேர், புதுப் பேர், காரணம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வண்டி கணக்கில் வராது. நாற்பத்தைந்து படிவம் அனுப்பியிருக்கிறேன். வண்டிக்குப் பேர் எழுதினவர் என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வண்டியையும் சேருங்கள். அம்மா பேரை எடுத்துவிட்டு என் பேரை எழுதினீர்களே, அதை.

உங்கள் தம்பி,
அர்த்தநாரி

நாமக்கல்
20.3.1984

தம்பிக்கு மாதையன் எழுதிக்கிறது.

நாப்பது வண்டிக்கு எழுதியிருக்கேனுங்க. வித்தது, பாகம் பிரிச்சது, புள்ளை பொறந்ததுன்னு காரணம் போட்டிருக்கேன். உசுரு வாங்கின வண்டிக்கு, அது மாடோ மனுசனோ, பழைய பேரை அழிச்சுருவோம், புதுப் பேரைச் செவப்புல எழுத மாட்டோம். நீலந்தான். அப்படி ஏழு வண்டி இருக்குது.

உங்க வண்டிக்குக் கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன். காரணத்தை உட்டுட்டேன். அது வேண்டாங்க சாமி.

கட்டினவ குப்பாயி போயி இந்த ஆடி வந்தா எட்டு வருசம். சமையலு நாந்தான்.

மாதையன்

அமெரிக்கா
9.4.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

முப்பத்தொன்பதை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார் பேராசிரியர். மே பதினெட்டாம் தேதி வாய்மொழித் தேர்வு. தவறினால் விசா முடிந்து வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த போட்டோவில் பார்த்தேன், எங்கள் வண்டியிலும் பேர் நீலம்தான். மாடு அடிபட்டது என்று அய்யன் சொன்ன ஞாபகம். அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா? ஒரு வரி போதும் அண்ணா. குப்பாயக்கா சாவுக்கு நான் வராத கோபமா? அப்போது ஹாஸ்டலில் இருந்தேன்.

அர்த்தநாரி

நாமக்கல்
30.4.1984

தம்பிக்கு,

கேட்டுட்டீங்க, சொல்லிப்போடறேன்.

அன்னிக்கு விடியக்காலையில உங்கய்யன் வண்டியைக் கொண்டாந்து உட்டு, மாடு உழுந்திருச்சு மாதையா, பேரை மாத்துன்னாரு. பம்பர்ல கிழிஞ்ச சேலைத்துணி மாட்டியிருந்துச்சு. அதை எடுத்துத்தான் பிரஷைத் தொடைச்சேன். மாட்டுக்கு ஏது சேலைன்னு அப்பத் தோணலீங்க. உங்க பேரை எழுதி முடிச்சு ஊட்டுக்குப் போறேன், மல்லசமுத்திரம் ரோட்டுல கிடந்தாள்னு குப்பாயியைக் கொண்டாந்து போட்டிருக்காங்க. முந்தானையில பாதி இல்லை.

எந்த வண்டின்னு தெரியலைன்னு போலீசுல எழுதிக்கிட்டாங்க. உங்கய்யனை எதுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லீங்க. எட்டு வருசமா வாயை மூடிக்கிட்டு அவரு வண்டிக்கே பேரு எழுதிக்கிட்டிருக்கேன்.

மாடுன்னு மட்டும் எழுதிராதீங்க.

மாதையன்

அமெரிக்கா
19.5.1984

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் தேர்வுக்கு முதல் நாள் வந்தது. படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

நாற்பதாவது வண்டிக்குக் காரணம் கேட்டார்கள். மாடு என்று சொல்லிவிட்டேன். கீழே உங்கள் கையெழுத்து இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. எம்.ஏ. கொடுத்துவிட்டார்கள்.

அய்யனுக்கு ரத்தக்கொதிப்பு. இது நம் இருவரோடு இருக்கட்டும். உங்களுக்கு இங்கிருந்து நல்ல பிரஷ் வாங்கி வருகிறேன்.

அர்த்தநாரி

நாமக்கல்
14.6.1984

தம்பிக்கு,

எம்.ஏ. வாங்கினது சந்தோசம்.

உங்க வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி எப்.சி. வாங்கறதுக்காகப் பெயின்டுக்கு வந்திருக்குதுங்க. நேத்து எழுதி முடிச்சேன். நாளைக்குக் காலையில உங்கய்யன் எடுக்க வர்றாரு. நான் பட்டறையிலதான் இருப்பேன், எங்கேயும் போகலை.

நீங்க அனுப்பினதுல அஞ்சு தாள் மிச்சம் இருந்துச்சு. ஒன்னை நிரப்பி இதோட வெச்சிருக்கேன். பழைய பேரு அர்த்தநாரி. புதுப் பேரு குப்பாயி. காரணத்தையும் எழுதிட்டேனுங்க, கட்டம் காலியா இல்லை.

பிரஷ் வேண்டாம்.

மாதையன்