இடது முழங்காலுக்குப் பின்னால்

வடகரை,
ஆனி 28

அன்புள்ள அத்தானுக்கு,

வித்யா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாண்டிராஜ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறாராம். அத்தை எலுமிச்சங்காய் ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பைக்குள் இதையும் வைக்கிறேன். போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் ஆரம்பித்ததுமே அத விடு வித்யா என்று சொல்லிவிடுகிறீர்கள். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது பாருங்கள்.

சாரல் நன்றாக இருக்கிறது. துணிதான் காய மாட்டேன் என்கிறது. தோப்பில் தேங்காய் வெட்டு முடிந்தது. உங்கள் தம்பி செந்தில்வேல் மீசை வளர்க்கிறான், சகிக்கவில்லை.

நீங்கள் சொன்னபடி புதன்கிழமை தென்காசியில் தோல் டாக்டரிடம் போய் வந்தோம். நான் புறவாசல் படியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு, வித்யா கால் அசிங்கமாயிட்டேன்னு கெடந்து வெசனப்படுதா என்று அத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் உடனே வைத்தியம் பார் என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது.

டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாகப் பின்னிக்கொண்டிருக்கிறதே, அதற்குச் சிலந்தி நரம்பு என்று பேராம். ஆபத்து ஒன்றும் இல்லை, அழகுக்காகத்தான் எடுக்கிறார்கள் என்றார். மெல்லிய ஊசியால் மருந்து ஏற்றினால் நரம்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளுமாம். ரொம்பச் சின்னதுக்கு லேசர் வைப்பார்களாம். ஒரே தடவையில் போகாது, பிறகு கொஞ்ச நாள் இறுக்கமான காலுறை போட வேண்டும். வலிக்குமா என்று அத்தைதான் கேட்டார்கள். நான் சுவரில் இருந்த படத்தில் யாரோ ஒருத்தியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கர்ப்பத்தில் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாம் என்றேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா, கொடுத்தால் இப்போது ஊசி போடக் கூடாது என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் சரி, அடுத்த மாதமே போடலாம் என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டரம்மா மேல் தப்பில்லை, அவருக்கு எப்படித் தெரியும்.

அங்கிருந்து செந்தில்வேல் எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். தலையில் அருவி விழுந்தால் எல்லாம் தெளிஞ்சிரும் என்று அத்தைக்கு நம்பிக்கை. பெண்கள் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. தண்ணீர் தொம்மென்று விழுந்தது. அடிக்கிறது என்று தெரிந்தது, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து நைட்டியைத் தூக்கிப் பிழியும்போது பக்கத்தில் நின்ற ஒரு புளியங்குடிக்கார அம்மா என் காலைப் பார்த்துவிட்டாள். ஏட்டி, எனக்கும் மூத்தவ வயித்துல இருக்கும்போது இப்படித்தான் வந்துது, உனக்கு எத்தனாவது மாசம் வந்துது என்று கேட்டாள். ஏழு என்றேன். என்ன பிள்ளை என்றாள். பொம்பளப்பிள்ளை என்றேன். யாரு சாடை என்றாள். அவுக அப்பா சாடை என்றேன். நல்லா இருக்கட்டும் என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பங்குனிக்குப் பிறகு அவளைப் பற்றி என்னிடம் கேட்டது அந்த அம்மா ஒருத்திதான், அத்தான். பிறந்த அன்றே போய்விட்டாள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. சாடை சொன்னது பொய்யில்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோகும் முன்னால் ஒரு தடவை பார்த்தேன். உங்கள் மூக்கேதான்.

உங்களுக்கு அனுப்பலாம் என்று செந்தில்வேல் போனை எடுத்தான். வேண்டாம்லே, படம் பிடிச்சா மனசு ஆறாது என்று அத்தை தடுத்துவிட்டார்கள். பச்சைப்பிள்ளைக்குக் காரியம் கிடையாது, அதனால் மாலை போட ஒரு படமும் இல்லை, கும்பிட ஒரு நாளும் இல்லை. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால் செந்தில்வேல் எழுந்து போய்விடுகிறான். அவளுக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த உங்கள் பழைய வேட்டி இப்போது சட்டி இறக்கும் பிடிதுணியாகக் கிடக்கிறது. பேர் வைக்கவே இல்லை.

என் காலை நான் வெட்கப்பட்டுப் பார்க்கவில்லை. அவள் கனத்தில் வந்தது அது. அவள் வந்துபோனதற்கு இந்த வீட்டில் வேறு எதுவும் மிச்சம் இல்லை. அதனால் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை என்னோடு பேசவில்லை. நீங்கள் அவர்களைத் திட்டாதீர்கள், அவர்கள் சமையலறையில் தனியாக அழுகிறார்கள்.

ஊறுகாயைக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள். வெயிலில் வெறும் தலையோடு நிற்காதீர்கள். நீங்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. கிளம்பும்போது டாக்டரம்மா சமாதானமாக ஒன்று சொன்னார். கர்ப்பத்தில் வந்தது, ஊசி போடாவிட்டாலும் சில மாதத்தில் தானாகவே மங்கிப்போகலாம், கவலைப்படாதீர்கள் என்றார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று ஓரத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

அவளைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. லீவு கேளுங்கள் அத்தான். இதாவது போவதற்குள் வந்து பார்த்துவிடுங்கள்.

உங்கள்
வித்யா