வேலிட் இல்லாத கல்யாணம்

மார்ச் 4

கடல் கடந்து இருக்கும் மகளோடு போய்த் தங்க ஆசைப்பட்டோம். அதற்குக் கல்யாணச் சான்று வேண்டுமாம். பதிவு அலுவலகத்து அம்மா கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க கல்யாணம் வேலிட் இல்ல. எங்கயுமே பதிவாகல," என்றார். அடுத்த வாரம் இரண்டு பேரும் வந்து தனித்தனியாகச் சம்மதம் சொன்னால் புதிதாகப் பதிவு செய்வார்களாம்.

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. என் மனைவி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தாள். "அப்போ இத்தன வருஷமா யாரோ ஒரு ஆம்பளைக்குத் துணி தொவச்சிருக்கேன்."

மார்ச் 5

இந்த 'வேலிட்' எனக்குப் பழைய சங்காத்தம். முதலில் கேட்டது பஸ்ஸில். பரிசோதகர் என் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, அது நேற்றையது, வேலிட் இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டார். மழை வேறு. அந்த மழையில்தான் லாண்டரி வாசலில் ஒதுங்கினேன், வேலையும் கிடைத்தது. அது தனிக் கதை. பிறகு போன் வந்தது. வேலிடிட்டி முடிந்தது என்பார்கள், ஆள் போய்விட்ட மாதிரி. மருந்துக்கடையிலும் பழைய சீட்டுக்கு அதே பேச்சு. டிக்கெட் காலாவதியாகலாம். வாழ்ந்து முடித்த வாழ்க்கை எப்படி ஆகும்?

மார்ச் 6

அந்த ஹோட்டல் லாண்டரியில் நான் இஸ்திரி, அவள் துணிக்குக் கஞ்சி போடும் தொட்டி. என்னை 'நீராவி' என்பார்கள். படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்போம். வலப்பக்கம் நிற்பவர் "சரி" என்றால் இரண்டு பேரும் மடக்க வேண்டும். இயந்திர இரைச்சலில் ஒரு குரல்தான் எடுபடும். நானும் அவளும் மடித்தால் மூலை மூலையோடு ஒட்டிக்கொள்ளும்.

கல்யாணமும் அங்கேதான், கொதிகலன் ஆறும் நேரத்தில். மேஸ்திரி சம்மதமா என்று கேட்டார், நான் சரி என்றேன், எல்லோரும் கைதட்டினார்கள். "போதும், போய் இயந்திரத்த ஓட்டுங்க," என்றார் மேஸ்திரி. அந்தச் சோப்பு வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

மார்ச் 7

இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரிக்க, அவள் சிரிக்கவில்லை.

"மேஸ்திரி என்னைக் கேக்கவே இல்ல."

"வலப்பக்கம் நான் நின்னேன்ல. உனக்கும் சேத்துதான் சொன்னேன்."

"அது விரிப்புக்குங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப தனியா கேப்பாங்கன்னா நானும் யோசிக்கணும்," என்றாள். விளையாட்டா? முகத்தில் விளையாட்டு இல்லையே.

மார்ச் 8

மகள் போன் செய்தபோது நியாயம் கேட்டேன். பேத்தி நடுவில் புகுந்து, "பாட்டி சொல்றது வேலிட் தாத்தா," என்றாள்.

"பாட்டி என்ன டிக்கெட்டா?"

"இல்ல தாத்தா. அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு சொல்றேன்."

இந்தச் சொல் எங்கெங்கோ சுற்றிவிட்டு என் வீட்டுக்குள்ளேயே வந்து எனக்கு எதிராக உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 9

தேநீர் கொடுத்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் 10

நாளைக்கு அங்க போய் அவ இல்லைன்னுட்டா? என்ன பண்ணுவேன் நான்? மக வீட்டுக்குப் போறது கெடக்கட்டும் — இந்த வீட்டுக்கே எப்படித் திரும்பி வருவேன்?

கேட்கவும் பயம். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 11

என்னை முதலில் கேட்டார்கள். முடிப்பதற்குள் சம்மதம் என்றேன். பிறகு அவளிடம், "உங்களுக்கு இவரக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமா?"

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ கேளுங்கம்மா," என்றாள்.

அதிகாரி நிதானமாக மறுபடி கேட்டார். இவள் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிவைத்துக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டாள்.

"யாரப் பாத்துச் சொல்லணும்?"

"யாரப் பாத்து வேணும்னாலும் சொல்லலாம்."

என் பக்கம் திரும்பினாள். "சம்மதம்," என்றாள்.

மார்ச் 12

மகள் போனில் கேட்டாள்: "எப்படிம்மா இருக்கு கல்யாண வாழ்க்கை?"

"ஒரு நாள்தானே ஆச்சு," என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இதுவரைக்கும் நல்லவராத்தான் தெரியுறாரு."