மாடி அறைக்குப் போகாத மாமா

மார்ச் 6

மூன்று உலகத்தையும் ஒற்றைப் புருவத்தால் ஆட்டிவைக்கும் என் அக்கா மகளுக்கு,

உன் அரசாணை கிடைத்தது. குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்கு நான் வாராவாரம் போக வேண்டும், ஒரு சொட்டும் தொடக் கூடாது. இல்லாவிட்டால் பிறக்கப்போகிற குழந்தையைப் பார்க்க வரக் கூடாது. போனில் பேசினால் என் வாய்க்கு மயங்கிவிடுவாயாம், அதனால் எல்லாம் கடிதத்தில். ஸ்கேனுக்கு உன்னைக் கூட்டிப்போன அன்று ஆஸ்பத்திரி மதில்சுவர் தானாக நடந்து வந்து என் காரில் மோதியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? சரி, சிரம் தாழ்த்தினேன்.

மூன்று வாரமாகப் போகிறேன், தாயே! நூலகத்துக்குப் பின்னால் உள்ள கட்டடம், செவ்வாய் மாலை. வாசலிலேயே எடை மெஷினில் ஏற்றிக் குறித்துக்கொள்கிறார்கள். அவ்வளவு கண்டிப்பு! ஒரு தபால்காரர் எழுந்து, "நேத்தும் ஃபிரிட்ஜைத் திறந்துட்டேன்" என்று கண்கலங்கினார். கை தட்டித் தேற்றினோம். நான் அறுந்து விழுந்த லிஃப்டை ஒற்றைக் கையால் தாங்கிப் பதினாறு பேரைக் காப்பாற்றிய கதையைச் சொன்னேன். கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை.

மாப்பிள்ளை முறைத்தால் என் பேரைச் சொல்.

இப்படிக்கு,
நகரத்து லிஃப்டுகளின் சக்கரவர்த்தி,
சம்பளத்துக்கு மெக்கானிக்,
உன் மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமா,

நலம். கால்தான் வீங்கியிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

குடிக்கிறவங்களை எதுக்கு மாமா எடை பார்க்கிறாங்க? அந்தத் தபால்காரர் ஃபிரிட்ஜில் எதைத் தேடினார்? நீங்கள் போய் உட்கார்ந்திருப்பது உடம்பு இளைக்க வந்தவர்கள் நடுவில். அது உங்களுக்குத் தெரியாதா?

சுவர் நடந்து வரவில்லை. நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நீங்கள் ஜோக் அடித்தீர்கள். அம்மா போனபிறகு எனக்கு நீங்கள்தான். அதனால்தான் கேட்கிறேன். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

உங்கள் மருமகள்

மார்ச் 17

உளவுத்துறைத் தலைவி அவர்களுக்கு,

பிடிபட்டேன். முதல் நாள், முதல் நிமிடமே எனக்குத் தெரியும்.

நீ சொன்ன கூட்டம் அதே கட்டடத்தில், மாடியில். முதலில் அங்கேதான் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பத்துப் பதினோரு பேர். ஜன்னலோரம் யார் தெரியுமா? எங்கள் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்! நான் பழுதுபார்க்கும் ஒவ்வொரு லிஃப்டுக்கும் "ஆபத்தில்லை" என்று கையெழுத்துப் போடுகிற மனுஷன். உள்ளே கால் வைத்தால் என் இருபத்தாறு வருஷ வேலை அம்போ. புலி துரத்தினவன் மாதிரி படியிறங்கி, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தேன். எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள், ஏறினேன்.

நீயே சொல், நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? இதற்கிடையில் இரண்டு கிலோ இளைத்திருக்கிறேன் என்பதையும் கருணையோடு கணக்கில் எடுத்துக்கொள்.

மாமா

மார்ச் 21

மாமா,

இன்ஸ்பெக்டர் அந்த அறையில் சான்றிதழா எழுதிக்கொண்டிருந்தார்? அவரும் அங்கே வந்து உட்கார்ந்துதானே இருந்தார்?

தினமும் தபால்பெட்டியைத் திறக்கும்போது எனக்குக் கவலைதான். கடிதம் இல்லையென்றால், லிஃப்ட் குழியில் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று. இருந்தால், இதில் என்ன பொய்யோ என்று. "விட்டுத் தொலை"ன்னு இவர் சொல்றார். விட முடியவில்லை.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 6

அம்மாடி,

மாடிக்குப் போனேன். இரண்டு செவ்வாய். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்குக் கதவு வரைக்கும் வந்துட்டுப் போனது நீங்கதானே? நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் வந்து வந்து போனேன். உட்காருங்க" என்றார்.

பேசச் சொன்னார்கள். யானையை விழுங்கின கதையெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "பிள்ளைத்தாச்சிப் பொண்ணை வண்டியில உட்கார வெச்சுக்கிட்டு, குடிச்சிட்டு ஓட்டினேன்" என்று மட்டும்தான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு நாள் தொடவில்லை. வெள்ளிக்கிழமை குடித்தேன். காரணம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து சொன்னேன். "குழியில இறங்காதீங்க. ஆபீஸ்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொன்னேன். இப்போது ஸ்டோரில் போல்ட், நட்டு பிரித்து அடுக்குகிறேன். இன்று மூன்றாம் நாள்.

நீ வராதே என்றால் வரமாட்டேன்.

மாமா

ஏப்ரல் 10

மாமா,

மூன்று தடவை படித்தேன். சிரிக்க ஒன்றுமே இல்லை. யானையைத் தவிர எல்லாவற்றையும் நம்பினேன். வெள்ளிக்கிழமை என்ற இடத்தில் இவர் கடிதத்தை மடித்துவிட்டார். பிரித்துக் கொடுத்து மீதியையும் படிக்க வைத்தேன்.

எங்கள் ஊரிலும் அந்தக் கூட்டம் இருக்கிறதா என்று விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பல் டாக்டர் கிளினிக்கின் பின்பக்கம். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. இடம் சரிதானா என்று பார்க்க நானே போனேன். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எனக்கே பயமாக இருந்தது மாமா.

பதினெட்டாம் தேதி பஸ்ஸில் வாருங்கள். நேராக வீட்டுக்கு வரக் கூடாது. முதலில் அங்கே. முடிந்து வெளியே வரும்போது நான் வாசலில் நிற்பேன். அதற்குள் எனக்கு வலி கண்டுவிட்டால் இவர் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் உங்கள் பையை வாங்கிக்கொள்வார்.

உங்கள் மருமகள்