ஹுணசேகட்டே என்ஜின் கொட்டகையின் மாற்றுச் சாவி

அனுப்புநர்:
முனைவர் ம. வகுளா (வயது 76),
விலங்கியல் பேராசிரியர் (ஓய்வு),
கௌரவ ஆலோசகர், ஹுணசேகட்டே மீனவர் சங்கம்,
சரஸ்வதிபுரம், மைசூரு.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மைசூரு மாவட்டம், மைசூரு.

பொருள்: ஹுணசேகட்டே படகுத்துறையில் ஒன்பது படகு என்ஜின்கள் களவு போனது – எனது முதல் புகாரில் உள்ள தவறான கூற்றைத் திரும்பப் பெறுதல் – திரு. பழனி மீதான சந்தேகத்தை நீக்குதல் – படகுத்துறைக்குப் பாதுகாப்பு கோருதல்.

பார்வை: ஹுணசேகட்டே புறக்காவல் நிலையத்தில் நான் அளித்த புகார், நாள் 22.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவின் கன்னட வடிவம் மேலே இணைக்கப்பட்டுள்ளது. அலுவல் நடவடிக்கைக்கு அதுவே போதும். இந்தத் தமிழ் வடிவம் துறையில் வாழும் ஒன்பது குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. அவர்கள் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். பெரியவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இதை நான் இருபது ஆண்டுகளாக அறிவேன். அறிந்திருந்தும் செய்த தவறு நான்காம் பத்தியில் உள்ளது.

1. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை இம்மீனவர்கள் தொழில் முடிந்ததும் படகைக் கரைமேல் இழுத்துப் போடுவார்கள். என்ஜினைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். படகின் அடியில் நீர் வடியும் துளையை அடைக்கும் தக்கையையும் பிடுங்கி எடுத்துச் செல்வார்கள். தக்கை இல்லாத படகைத் தள்ளிக்கொண்டு போகிறவன் ஐம்பது அடி தாண்டுவதற்குள் நீந்த வேண்டியிருக்கும். இம்மீனவர்களில் ஒருவரான பழனியின் மனைவி மாரியம்மா தங்கள் படகின் தக்கையை அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு வைத்திருந்தார். திருவிழாவுக்குப் போகும்போது முறை வைத்து ஒரு குடும்பம் ஊரிலேயே தங்கிவிடும். இவை எல்லாம் எனக்கு ஒழுங்கின்மையாகத் தோன்றின.

2. ஆகவே ஒழுங்குபடுத்தினேன். படகுகளை இழுப்பதால் அடிப்பாகம் தேய்கிறது, என்ஜினைச் சுமப்பதால் முதுகு கெடுகிறது என்று கூட்டத்தில் விளக்கினேன். இரண்டும் உண்மை. படகுகளை நீரிலேயே வரிசையாக நிறுத்தி ஒரே சங்கிலியில் கோக்கச் செய்தேன். நீரில் நிற்கும் படகில் தக்கை இருந்தாக வேண்டும். என்ஜின்களுக்குத் தகரக் கொட்டகை ஒன்றைக் கட்டுவித்தேன். கொட்டகைக்கு ஒரு பூட்டு. சங்கிலிப் பூட்டின் சாவி கொட்டகைக்குள் ஆணியில். கொட்டகைச் சாவி, எதையும் தொலைக்காதவர் என்பதால், பழனியிடம்.

அன்றைய கூட்டத்தில் மாரியம்மா எழுந்து சொன்னது இது: “அவங்கவங்க என்ஜின் அவங்கவங்க ஊட்டுல கெடந்தா, திருடன் ஒம்போது ஊடு ஏறோணுமுங்கம்மா. ஒரே கொட்டாயில போட்டா அவனுக்கு ஒரே பூட்டுத்தானுங்க. சோலி சுளுவு.” எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கூட்டக் குறிப்பில், “உறுப்பினரின் மனைவி ஒருவர் ஐயம் தெரிவித்தார், தக்க விளக்கம் அளிக்கப்பட்டது” என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தத் தக்க விளக்கம் என்னவென்று இப்போது எனக்கு நினைவில்லை.

3. இவ்வாண்டு மகாளய அமாவாசைக்கு ஒன்பது குடும்பங்களும் ஒன்றாக மாதேஸ்வரன் மலைக்குச் சென்றன. பூட்டும் சங்கிலியும் இருக்கையில் காவலுக்கு ஒரு குடும்பம் தங்க வேண்டியதில்லை என்று சொன்னவள் நான். 20.09.2025 சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டார்கள். பழனி மட்டும், மனம் ஒப்பாமல், மறுநாள் காலை பஸ் ஏறி மாலையில் துறைக்குத் திரும்பினார். கொட்டகை திறந்து கிடந்தது, பூட்டு உடைக்கப்படவில்லை. ஒன்பது என்ஜின்களும் இல்லை. இரண்டு படகுகள் எதிர்க்கரையில் நின்றன. தக்கைகள் அதனதன் இடத்தில் இருந்தபடியால் அவை சுமையோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தன. முதலில் புறக்காவல் நிலையத்துக்கு நடந்து சென்று தகவல் சொன்னவர் பழனியே.

4. மறுநாள் காலையில் நான் எழுதிய புகாரில், “கொட்டகையின் சாவி பழனி என்பவரிடம் மட்டுமே இருந்தது” என்று ஒரு வாக்கியம் உள்ளது. கன்னடத்தில் எழுதினேன். மாலையில் மற்றவர்கள் மலையிலிருந்து திரும்பியதும் ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். நேரமாகிவிட்டதென்று எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நாற்பது ஆண்டுகள் மாணவர்களிடம், படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பழனி மூன்றாவதாகக் கையெழுத்திட்டார், தமிழில், தெளிவாக.

புறக்காவல் நிலைய எழுத்தர் திரு. குமார் என் புகாரின் எஞ்சிய இரண்டு பக்கங்களையும் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தைப் படித்திருக்கிறார். சாவி தன்னிடம் மட்டுமே இருந்ததைப் பழனியே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதாகவும், மற்றவர்களுக்கு முன்னரே திரும்பியது சந்தேகத்துக்குரியது என்றும் இப்போது கொள்ளப்படுகிறது. களவு போனவற்றில் ஒன்று பழனியின் சொந்த என்ஜின் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று ஏன் கேட்கவில்லை என்று பிறகு பழனியிடம் கேட்டேன். “நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்குமுங்க டீச்சரம்மா, அதைய வேற என்னத்தக் கேக்கறது” என்றார். குத்திக் காட்டுகிறவர் அல்லர் அவர். குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

5. என் வாக்கியம் பொய். சாவி இரண்டு. மாற்றுச் சாவியைச் சங்க அறையின் சாவிப் பலகையில் நானே மாட்டினேன். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் மட்டுமே உண்டு; மீன் வாங்க வருவோரும் படகுச் சவாரி கேட்டு வருவோரும் அங்கே உட்காருவது வழக்கம். பொருள்களுக்குச் சீட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அச்சாவியிலும் “என்ஜின் கொட்டகை – மாற்றுச் சாவி” என்று கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிக் கட்டியிருந்தேன். திருடியவர் எந்த மொழிக்காரராயினும் சிரமப்பட்டிருக்க மாட்டார்.

இதை நான் அடியோடு மறந்துவிட்டேன். 10.10.2025 அன்று வேறொரு சாவியைத் தேடியபோது பலகையில் சீட்டு மட்டும் தொங்குவதைக் கண்டேன். நூல் அறுக்கப்பட்டிருந்தது. சீட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன், எழுத்து என்னுடையது.

6. அன்றே எதிர்க்கரைக்குச் சென்று, அங்கே மாடு மேய்க்கும் திருமதி பசம்மாவைச் சந்தித்தேன். களவுக்குப் பின்னர் மூன்று வாரமாக அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அமாவாசைக்கு முந்தைய நாள், சந்தை நாளான சனிக்கிழமை நண்பகலில் முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் இரண்டு படகுகளிலிருந்து சாக்கில் சுற்றிய சுமைகளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னார். ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் கன்னடத்தில் கூறியதன் தமிழாக்கம்: “எல்லா என்ஜினையும் ஒண்ணா ரிப்பேருக்குக் கொண்டுபோறாங்கன்னு நெனச்சேன். இப்பல்லாம் எல்லாத்தையும் ஒண்ணாச் செய்யச் சொல்ற மேடம் ஒருத்தங்க வர்றாங்களாமே.” அந்த மேடம் நான்தான் என்று அவரிடம் தெரிவித்தேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை நண்பகலில் பழனி மாதேஸ்வரன் மலையில் முடி இறக்கிக்கொண்டிருந்தார். அந்நாள் தேதியிட்ட முடி காணிக்கைச் சீட்டையும், மறுநாள் திரும்பிய பஸ் டிக்கெட்டையும் அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். எதையும் தொலைக்காதவர் என்று முன்பே குறிப்பிட்டேன்.

7. இன்றைய நிலை: பழனி வாரம் மூன்று முறை புறக்காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அவரோடு ஒரே படகில் பதினொரு ஆண்டுகள் வலை வீசிய உமேஷ் இப்போது வேறு படகில் துடுப்புப் போடுகிறார். தனி ஆளாக வலை இழுக்க முடியாது. பழனியின் மீன்பிடி உரிமம் 31.10.2025 அன்று முடிகிறது. விசாரணையில் பெயர் இல்லை என்ற காவல்துறைச் சான்று இன்றி அது புதுப்பிக்கப்படாது. உரிமம் போனால் துறையில் குடியிருக்கும் அனுமதியும் போகும். இவ்வளவும் நான் வாசித்துக் காட்டாத ஒரு வாக்கியத்தால் நேர்ந்தது.

8. ஆகவே தங்களிடம் கோருவன:

(அ) மாற்றுச் சாவி குறித்த என் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, 22.09.2025 புகாரின் அந்த வாக்கியத்தை நீக்க வேண்டும். கவனக்குறைவு யாருடையது என்று எழுத ஓர் இடம் இருக்குமானால் அங்கே என் பெயரை எழுதலாம்.

(ஆ) பசம்மாவின் வாக்குமூலத்தை அவர் மொழியிலேயே பெற்று, முடிந்ததும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

(இ) பழனிக்குரிய சான்றை உரிமக் கெடுவுக்கு முன்னர் வழங்க வேண்டும். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

(ஈ) ஒன்பது என்ஜின்களின் வரிசை எண்களையும் இணைத்துள்ளேன். அவற்றை மைசூரு, நஞ்சன்கூடு, சாமராஜநகர் பகுதிகளின் பழுது பார்க்கும் கடைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் அனுப்ப வேண்டும். எழுதி வைக்கும் என் வழக்கத்தால் விளைந்த ஒரே நன்மை இந்தப் பட்டியல்.

(உ) படகுத்துறையில் விளக்கு ஒன்று அமைக்கப் பரிந்துரைத்து, திருவிழா நாள்களில் காவல் சுற்று துறை வரை வர ஏற்பாடு செய்ய வேண்டும்.

பாதுகாப்பின் எஞ்சிய பகுதியை மீனவர்களே கவனித்துக்கொண்டார்கள். படகுகள் மீண்டும் கரைமேல் கிடக்கின்றன. தக்கைகள் வீடு திரும்பிவிட்டன. நான் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன்.

இம்மனு இன்று படகுத்துறையில் ஒன்பது குடும்பத்தாருக்கும் முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது. பஸ் புறப்பட்ட நேரத்தைப் பழனி திருத்தினார், திருத்தினேன். என்னைக் குறைகூறும் பகுதிகளை எடுத்துவிடும்படியும் அவர் கேட்டார். மாரியம்மா, “இருக்கட்டும், எடுக்காதீங்க” என்றார். மாரியம்மா சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

தங்கள் விரைந்த ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ம. வகுளா

நாள்: 14.10.2025
இடம்: ஹுணசேகட்டே படகுத்துறை, மைசூரு மாவட்டம்

இணைப்புகள்: சாவிச் சீட்டு, முடி காணிக்கைச் சீட்டு, பஸ் டிக்கெட் ஆகியவற்றின் நகல்கள், என்ஜின் வரிசை எண் பட்டியல்.

வாசிக்கக் கேட்டேன்:
(ஒப்பம்)
பழனி