தொடாத கேக்

ஸ்டெர்லிங் துறைமுகம், மாசச்சூசெட்ஸ்
ஜனவரி 14, 1809

அன்புத் தம்பி ஏசாவுக்கு அக்கா கெசையா எழுதுவது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாய். வியாழக்கிழமை மத்தியானம் உன் லவினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உன்னுடையது. பாவம், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்!

இனி மற்றது. எந்தக் கப்பலும் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது, அப்போதுதான் நம் கப்பல்களை மறித்துப் பிடிக்கிற இங்கிலாந்துக்காரனுக்குப் புத்தி வரும் என்று வாஷிங்டன் சபையில் எழுந்து நின்று ஓட்டுப் போட்டாய். அவனுக்கு வந்ததோ இல்லையோ, இங்கே கப்பல்கள் கரையில் கிடந்து அழுகுகின்றன. நீ போட்ட சட்டத்தைக் காவல் காக்கிற சுங்க அதிகாரி உன் அத்தான் சைலஸ். உப்பு மீன் ஏற்றிக்கொண்டு நழுவப் பார்த்த ஒரு கப்பலை அவர் சங்கிலி போட்டுப் பூட்டினார். அது ஹெப்சிபாவின் புருஷனுடையது. ஊரில் மருத்துவச்சி என்று இருப்பதே அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து எங்களைக் கண்டால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். லவினாவுக்கு மாதம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. பெண்கள் யாரும் வராவிட்டால் நான் ஒருத்தி என்ன செய்வேன்? அவளோ, வருவார்கள் அண்ணி என்று சொல்லிக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கேக்கைத் தன் கையாலேயே பிசைந்து சுட்டு வைத்தாள்.

வலி கண்டதும் சைலஸே போய் ஹெப்சிபா வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் ஊர்ப் பெண்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் அவரைப் பார்த்து, "கப்பலுக்குத்தானே பூட்டுப் போட்டீங்க, என் காலுக்குப் போடலையே? தள்ளி நில்லுங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை கால் பக்கமாக வந்தது, ஏசா. அவள் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

குழந்தையைத் துடைத்துக் கிடத்தியதும் நான் மேசை போட்டேன். பிள்ளை பிறந்த வீட்டில் கை நனைக்காமல் நம்மூர்ப் பெண் யாரும் கிளம்ப மாட்டாள், உனக்கே தெரியும். கேக்கை வெட்டி நீட்டினேன். ஹெப்சிபா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "பிள்ளைக்காக வந்தோம், கெசையா. உங்க வீட்டுச் சாப்பாடு எங்களுக்குத் தொண்டையில இறங்காது" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகப் போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து லவினா, கேக் நன்றாயிருந்தது என்றார்களா அண்ணி என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சட்டத்தை எடுத்துவிடலாமா என்று சபையில் மறுபடி ஓட்டு வருமாமே, பத்திரிகையில் பார்த்தேன். இங்கிலாந்துக்காரன் முன்னால் தலை குனிவதா என்பாய். நான் இங்கே தினமும் தெருவில் தலை குனிந்துதான் நடக்கிறேனடா. யோசித்து எழுந்து நில்.

உன் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ வந்து வை. அந்த ஐந்து பெண்களும் என் மேசையில் உட்காரும்படி செய்துவிட்டு வா. கேக் நான் புதிதாகச் சுடுகிறேன்.

கர்த்தர் உன்னைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா
கெசையா