இடது பக்க விளக்கு

நாளை ஆயுத பூஜை. அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மிஷின் எல்லாம் துடைத்தாகிவிட்டது. கடைசியாக உங்கள் ஸ்பேனர் டப்பாவைத் திறந்து அந்தக் கருப்புப் பெட்டியை எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனால் கருகிய பிளாஸ்டிக் வாடை இன்னும் லேசாக அடிக்கிறது. வருஷாவருஷம் இதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறேன். ஒன்றுக்கும் உதவாத சாமானுக்கு எதற்குப் பொட்டு என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பெனி வேலையை விட்டு, கைக்கு வந்த பணத்தில் அந்தப் பெரிய வண்டியை வாங்கினீர்கள். ஜீப் மாதிரி உயரம். ஒரு குடும்பமே ஏறிக்கொள்ளலாம். காஞ்சிபுரம், திருத்தணி, திருப்பதி என்று மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர்கள் எங்கே கிளம்பினாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். "அவர் ஓட்டினா தூங்கிக்கிட்டே போகலாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடே வேண்டாம்.

காலையில் நான் கோலம் போட்டு நிமிரும்போது ஸீட்டில் ஏறியிருப்பீர்கள். நான் வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு சுவிட்சாகப் போடுவீர்கள், நான் பார்த்துச் சொல்வேன். "எரியுது." "எரியுது." பிறகு பின்னால் போய் பிரேக் விளக்கு. "எரியுதுங்க." அதைக் காதால் கேட்காமல் நீங்கள் கிளம்பியதே இல்லை. ஸ்லோகம் முடியாமல் நான் அடுப்பைப் பற்ற வைக்காத மாதிரி.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் வண்டிக்குப் பேய் பிடித்தது. கதவுகள் தானாகப் பூட்டிக்கொண்டன. லஸ் முனையில் போலீஸ்காரரைப் பார்த்ததும் ஹாரன் அலறியது. மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நாள், வைப்பர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா சார், உனக்கு மட்டும் தனியா மழை பெய்யுதா?" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் எலுமிச்சம்பழம் வைத்ததற்கும் சிரித்தீர்கள். "என் பேச்சைத்தான் கேக்கல, உன் சாமி பேச்சையாவது கேக்குதான்னு பாப்போம்."

ராயப்பேட்டையிலிருந்து எலக்ட்ரீஷியன் பாயைக் கூட்டி வந்தீர்கள். அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். அப்புறம் எழுந்து உட்கார்ந்தார்.

"சார், லைட்டு, வைப்பரு, டோர் லாக்கு, ஆரனு, அல்லாத்துக்கும் இந்த ஒத்தப் பொட்டிதான். கண்ணாடி ரப்பர் உட்டுக்கிச்சு. மழைத் தண்ணி நேரா இதும் தலையில ஊத்திக்கினு கீது. உள்ள பச்சையா பூத்து, கருகிப்போச்சு. ரிப்பேருக்கு ஆவாது, புச்சுதான் மாட்டணும்."

"எல்லாத்தையும் ஒருத்தன் தலையில கட்டினா இப்படித்தான் பாய்" என்றீர்கள். பிறகு ஞாபகம் வந்தவராக, "இடது பக்க லைட்டும் வர்றதும் போறதுமா இருக்கு" என்றீர்கள்.

"அதுவும் இதும் வேலதான் சார்."

யாருக்குமே சந்தேகம் வரவில்லை. அதற்குள் வண்டியின் இடப்பக்க ஓரக் கண்ணாடி எதிலோ உரசி இரண்டு முறை உடைந்திருந்தது. வீட்டில் நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வீர்கள். இலையில் இடப்பக்கம் வைத்த கறி அப்படியே கிடக்கும், பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெட்டி ஒன்று இருந்ததால் வண்டியில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகப் போனது.

புதுப் பெட்டி வந்தது. மறுநாள் விடிகாலை திருப்பதி சவாரி. பக்கத்துத் தெருக் குடும்பம், குழந்தைக்கு முதல் மொட்டை. அந்திக்கு முன் பாய் வந்து பேட்டரி வயரைக் கழற்றினார், ரப்பரை ஒட்டினார், பழையதை உருவிப் புதியதை மாட்டினார். பழையதைத் தன் பையில் போடப்போனவரை நிறுத்தினேன். கழற்றின சாமான் கண்ணெதிரே இருந்தால்தான் புதுசுக்குக் கணக்கு எழுத எனக்கு மனம் வரும்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போற மா? துவையல் அரைக்கப் போறியா?"

"அது என் பாடு பாய். குடுங்க."

வைப்பர் சொன்னபடி நின்றது. கதவுகள் சொன்னபடி பூட்டின. ஹாரன் அடித்த பிறகுதான் அலறியது. நம் காம்பவுண்ட் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி முன்விளக்கைப் போட்டீர்கள். சுவரில் இரண்டு வட்டம். "எரியுது" என்றேன்.

"இடது எரியலையே."

"எரியுதுங்க."

"இப்ப வந்துச்சு. இதோ, மறுபடி போச்சு. உள்ள உக்காந்து பாத்தாத்தான் தெரியும். பாய், பழசையே துடைச்சு மாட்டிட்டீங்களா?"

பாய்க்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "இன்னா சார் இப்டி சொல்ட்ட! புச்சு பொட்டி சீலு உன் எதிர்லதானே கிய்ச்சேன்?" என்று விறுவிறுவென்று போய்ச் சுவரோரம், இடது வட்டத்தின் நடுவில் நின்றார். வெளிச்சத்தில் அவர் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

"எங்க போயிட்டீங்க பாய்? கோவமா?" என்று சிரித்தீர்கள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"சார்," என்றார், குரல் இறங்கிப்போய், "இங்கதான் கீறேன். லைட்லதான் நிக்கறேன்."

தலையைத் திருப்பினீர்கள். அவரைக் கண்டதும் உங்கள் முகத்திலிருந்த சிரிப்பு போனது. நேரே திரும்பினீர்கள். மறுபடி அவர் பக்கம் திரும்பினீர்கள். எரிந்து அணைந்தது விளக்கு இல்லை என்று அந்த இடத்தில்தான் மூன்று பேருக்கும் தெரிந்தது.

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மா, பொட்டியில ஒண்ணும் இல்ல. கண் டாக்டராண்ட காட்டு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"விடிஞ்சா குழந்தைக்கு மொட்டை. வாக்கு குடுத்திருக்கேன். போயிட்டு வந்து டாக்டரைப் பாக்கறேன்" என்றீர்கள். நான் வண்டிச் சாவியை எடுத்துப்போய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"பெருமாள்கிட்ட போறதையே நிறுத்தறியா? நீயா?"

"அவர் காத்துக்கிட்டிருப்பாருங்க. அந்தக் குழந்தை நம்ம வண்டியில வர வேண்டாம்."

நம் பூஜை அறைக்குக் கதவுகூடக் கிடையாது. எட்டி எடுத்திருக்கலாம். வாசற்படியில் நின்று சாவியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடந்தீர்கள். திரும்பி வந்ததும், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வண்டி சரியில்லைன்னு சொன்னேன்."

புதுப் பெட்டி மாட்டி, குற்றம் குறை இல்லாமல் வாசலில் நின்றிருந்தது வண்டி.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே தெரியாமல் ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "மாத்த முடியாதா டாக்டர்?"

வண்டியை வாங்க ஆள் வந்த அன்று நீங்கள் வெளியே வரவில்லை. பழக்க தோஷம், நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். வந்தவர், "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார்.

மருந்து விட விட, உலகம் உங்களுக்குச் சுருங்கிக்கொண்டேதான் வந்தது. கடைசி வருஷங்களில் கபாலி கோயிலுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். தீபாராதனை மணி அடிக்கும்போது காதோரம் குனிந்து, "எரியுதா?" என்பீர்கள். "எரியுதுங்க" என்பேன். அதற்குப் பிறகுதான் கை கூப்புவீர்கள்.

இப்போது கேளுங்கள், பெட்டிக்கு ஏன் பொட்டு என்று. அந்த மழைக்காலம் முழுக்க உங்கள் கண்ணின் பழியையும் சேர்த்து இதுதான் சுமந்தது. இது கெட்டுக்கிடந்த வரைக்கும் நீங்கள் வண்டி ஓட்டுகிறவராக இருந்தீர்கள். கழற்றிப் போட்ட அன்று எல்லாம் நின்றுபோயிற்று.

அந்தி ஆகிவிட்டது. உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் இதை முடிக்கிறேன். திரியைத் தூண்டி நிமிர்ந்ததும், தினமும் போல வாய் தானாகச் சொல்லிவிட்டது, "எரியுதுங்க." சொல்லிவிட்டு, அடுத்த சுவிட்சைப் போடுவீர்கள் என்று ஒரு நொடி நிற்கிறேன்.